நடக்கப் பழக்குகிறவர்களை வழிநடத்துவது யார்?

(உலக இயன்முறை மருத்துவ நாளாகிய செப்டம்பர் 8 அன்று, மருத்துவமனை அரங்கில் கூடிய ஆதரவாளர்கள், திருச்சபைப் பிரதிநிதிகள், ஊழியர்கள் முன்னிலையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை. அன்று வர இயலாத நண்பர்களின் வேண்டுகோளுக்கு இணங்க இங்கே வெளியிடுகிறோம்.)

உங்களில் பலர் தூரத்திலிருந்து பேருந்து ஏறி, மதிய வெயிலில் வந்து அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் பொறுமையைச் சோதிக்காமல் சொல்ல வந்ததைச் சொல்லிவிட விரும்புகிறோம்.

பிசியோதெரபி நாளில் குருவானவர் ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். நாங்கள் இறையியல் கல்லூரியில் படித்தவர்கள். எந்தத் தசை எந்த எலும்பை இழுக்கிறது என்று கேட்டால் எங்களுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் வார்டுகளைச் சுற்றி வரும்போது நோயாளிகள் எங்களிடம் மனம் திறந்து பேசுகிறார்கள், ஊழியர்களும் பேசுகிறார்கள். அதோடு, இம்மருத்துவமனையின் வழக்கப்படி துறைத் தலைவர்களைத் தெரிந்தெடுக்கும் குழுவில் சிற்றாலயத்துக்கும் ஓர் இடம் உண்டு. அந்த நாற்காலியில் உட்கார்ந்து பல ஆண்டுகளாகக் கேட்டதையும் கண்டதையும் வைத்தே இன்று பேசுகிறோம்.

வருகிற மார்ச் மாதத்தோடு எங்கள் பிசியோதெரபித் துறைத் தலைவி ஓய்வு பெறுகிறார். உங்களில் அநேகருடைய தாயாருக்கோ, தகப்பனாருக்கோ, பிள்ளைக்கோ அவர் சிகிச்சை செய்திருக்கிறார். “அவங்களுக்கு அப்புறம் யார் ஐயரே?” என்று சபைகளுக்குப் போகும் இடமெல்லாம் எங்களைக் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் அது பிரிவுபசார விழாவுக்கு மாலை வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி அல்ல. பத்து ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். எங்கள் தலைவி அப்படிக் கேட்டவர். ஆகையால்தான் இன்று நாங்கள் கவலை இல்லாமலும், ஆனால் கவனத்தோடும் இதைப் பற்றிப் பேச முடிகிறது.

இத்தொழிலின் இயல்பு

பிசியோதெரபி எனும் இயன்முறை மருத்துவத்தை வெறும் தேய்ப்பு என்றும், மின்சாரப் பெட்டி வைக்கும் வேலை என்றும் நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பக்கவாதத்தால் ஒரு கை விழுந்துபோன கொத்தனாரை நினைத்துப் பாருங்கள். மருத்துவர் உயிரைக் காப்பாற்றிவிட்டார். செவிலியர் படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்டார். ஆனால் அந்தக் கை மறுபடியும் கரண்டியைப் பிடிக்குமா, அவர் தானாகக் குளிப்பாரா, கழிப்பறைக்குத் தானாகப் போவாரா என்பதெல்லாம் அடுத்த பல மாதங்களில்தான் தீர்மானமாகிறது. அறுவை சிகிச்சை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் உழைப்பு நாளுக்கு நாள், அங்குலம் அங்குலமாக நடக்கும்.

இன்னொரு காரியம். மற்றச் சிகிச்சைகளில் நோயாளி படுத்திருப்பார், மருத்துவர் வேலை செய்வார். இங்கே உழைக்கிறவர் நோயாளி. பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நிற்கிறார். இரண்டு கம்பிகளுக்கு நடுவே நோயாளியை நிறுத்தி, இடுப்பில் ஒரு கை வைத்து, பிறகு இரண்டு விரல் மட்டும் வைத்து, கடைசியில் கையை எடுத்துவிடுகிறார். எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் அவருடைய கலை. சீக்கிரம் விட்டால் நோயாளி விழுவார். விடாமலே பிடித்திருந்தால் ஒருநாளும் நடக்கமாட்டார். “இனி நான் உங்களுக்குத் தேவையில்லை” என்று சொல்லி அனுப்புவதே இத்தொழிலின் வெற்றி.

தலைவர்களை வளர்க்கும் வேலையும் இதுவே என்பதுதான் இன்று நாங்கள் சொல்ல விரும்பும் ஒரே செய்தி. நோயாளியை நடக்கப் பழக்கத் தெரிந்தவர்கள், அதே முறையில் தங்களுக்குப் பின் வருகிறவரையும் நடக்கப் பழக்க வேண்டும். மேசையருகே இதை அருமையாகச் செய்கிறவர்கள் அலுவலக அறையில் மறந்துவிடுகிறார்கள்.

பூட்டிய அறை ஒன்று

ஒரு மருத்துவமனையைப் பற்றிச் சொல்லுகிறோம், பெயர் வேண்டாம். அங்கே பிசியோதெரபித் துறையை இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஒருவரே நடத்தினார். தங்கமான மனிதர். காலை ஏழு மணிக்குக் கதவைத் திறப்பவரும் அவர்தான், மாலையில் பூட்டுபவரும் அவர்தான். கடினமான நோயாளிகளையெல்லாம் தாமே எடுத்துக்கொள்வார். இளையவர்களுக்கு எளியவர்களைக் கொடுப்பார். மருந்தகத்தோடு பேசுவது, கணக்கு எழுதுவது, நிர்வாகக் குழுவுக்குப் போவது எல்லாம் அவரே. “சின்னப் பிள்ளைகளுக்கு ஏன் தொந்தரவு?” என்பார். அன்பினால் சொன்ன சொல்தான்.

அவர் ஓய்வு பெற்றபோது ஊரே திரண்டு வாழ்த்தியது. அடுத்த தலைவராக நியமிக்கப்பட்டவருக்கு விடுப்பு அட்டவணை போடத் தெரியவில்லை. அதிகாரிகள் முன் பேசிப் பழக்கமில்லை. ஆறு மாதத்தில் அவர் வளைகுடா நாட்டுக்குப் போய்விட்டார். இன்னொருவரும் விலகினார். சில ஆண்டுகள் கழித்து அங்கே போனபோது, அந்த அறையில் இயந்திரங்கள் துணி போர்த்திக் கிடந்தன. நோயாளிகள் பேருந்தில் வேறு ஊருக்குப் போனார்கள். போக வசதியில்லாதவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். அப்படி இருந்த ஒரு முதியவரின் முழங்கை, மடங்கியது மடங்கியபடியே இறுகிவிட்டதை எங்கள் கண்ணால் பார்த்தோம். தலைமையைப் பற்றிய பேச்சு அலுவலக விஷயம் என்று எண்ணுகிறவர்கள் அந்த முழங்கையை நினைத்துக்கொள்ளட்டும்.

முன்னோடிகள் காட்டிய வழி

இத்தொழிலின் வரலாற்றைப் புரட்டினால், தலைவர்கள் எப்படி எழும்பினார்கள் என்பது விளங்கும்.

இங்கிலாந்தில் 1894ஆம் ஆண்டு, உடல் பிடித்துவிடும் தொழிலின் பெயரால் ஒழுக்கக்கேடான நிலையங்கள் நடப்பதாகப் பெரிய அவதூறு எழுந்தது. நேர்மையாக அத்தொழிலைச் செய்த பெண்களின் பெயரும் கெட்டது. அப்போது லூசி ராபின்சன், ரோசலிண்ட் பேஜட், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பால்மர் என்ற நான்கு செவிலியர் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்கள் செய்த முதல் காரியங்களைக் கவனியுங்கள்: நடத்தை விதிகள் வகுத்தார்கள், தேர்வு வைத்தார்கள். யாரும் அவர்களைத் தலைவர்களாக நியமிக்கவில்லை. தங்கள் தொழிலுக்கு ஒரு தரம் வேண்டும் என்று கேட்டதினாலேயே தலைவர்கள் ஆனார்கள். 1920இல் அச்சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது.

அமெரிக்காவில் மேரி மெக்மில்லன் என்ற அம்மையார் இருந்தார். அமெரிக்காவில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, லிவர்பூலில் சர் ராபர்ட் ஜோன்ஸ் என்னும் புகழ்பெற்ற எலும்பு மருத்துவரோடு வேலை செய்தவர். முதல் உலகப்போரில் காயப்பட்ட வீரர்கள் ஆயிரக்கணக்கில் திரும்பியபோது, 1918இல் வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் பணி ஏற்றார். அதே ஆண்டு ரீட் கல்லூரியில் இளம் பெண்களுக்குப் பயிற்சி வகுப்பையும் நடத்தினார். போர் முடிந்தது. 1921 ஜனவரியில் நியூயார்க்கில் ஓர் உணவகத்தில் சுமார் முப்பது பெண்கள் கூடிச் சங்கம் தொடங்கினார்கள். அஞ்சல்வழி வாக்கெடுப்பில் மெக்மில்லனைத் தலைவராகத் தெரிந்தெடுத்தார்கள். முதல் ஆண்டில் உறுப்பினர்கள் 274 பேர். அவரிடம் கற்றவர்களும் அவரோடு உழைத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். மேலிருந்து நியமனம் வரவில்லை. அவருடைய கையின் வேலையை அறிந்தவர்களே அவரைத் தேர்ந்தார்கள்.

அதைவிட எங்களைத் தொடுவது அடுத்த பகுதி. 1923இல் அவர் தலைமைப் பதவியை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தார். சங்கம் கலைந்துபோகவில்லை; வளர்ந்தது. அவர் 1932இல் சீனாவுக்குப் போய், பீக்கிங் நகர மருத்துவக் கல்லூரியில் பயிற்சி கொடுத்தார். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் அடைபட்டபோதும் உடன் கைதிகளுக்குச் சிகிச்சை செய்தார். பதவி இல்லாதபோதும் வேலை இருந்தது அவருக்கு. தலைவரைத் தேடும்போது, நாற்காலியை விட்டு இறங்கிய பிறகும் வேலை செய்யக்கூடியவரா என்று பார்ப்பது நல்லது.

1951இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 11 நாடுகளின் சங்கங்கள் சேர்ந்து உலகக் கூட்டமைப்பை ஏற்படுத்தின. மில்ட்ரட் எல்சன் என்ற அமெரிக்க அம்மையார் அதன் முதல் தலைவர். அந்த நாளின் நினைவாகத்தான் செப்டம்பர் 8ஐ 1996 முதல் உலகெங்கும் கொண்டாடுகிறோம். நம் நாட்டிலோ, பம்பாயில் இளம்பிள்ளை வாதம் பரவியதைத் தொடர்ந்து, 1953இல் அங்குள்ள கே.இ.எம். மருத்துவமனையில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு முதல் பிசியோதெரபிப் பள்ளி தொடங்கியது. 1955இல் இந்தியச் சங்கம் உருவானது. 2021இல்தான் மத்திய அரசின் சட்டம் வந்து, இத்தொழிலையும் உள்ளடக்கிய தேசிய ஆணையத்துக்கு வழி செய்தது. அந்த ஆணையத்திலும் மாநிலங்களின் மன்றங்களிலும் யார் உட்காரப்போகிறார்கள்? இன்று எங்காவது ஒரு சிறு ஊர் மருத்துவமனையில் பொறுப்பைக் கற்றுக்கொண்டிருக்கும் இளைஞர்கள்தான் நாளை அங்கே உட்கார வேண்டும்.

வேலூரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

நம் பக்கத்து ஊராகிய வேலூரிலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். டாக்டர் மேரி வர்கீஸ் பிசியோதெரபிஸ்ட் அல்ல, மருத்துவர். ஆனாலும் பிசியோதெரபிஸ்டுகள் வேலை செய்யும் ஒரு பெரிய துறைக்கு அவர் தலைவி ஆன விதம் நமக்குப் பாடம். 1954இல் நடந்த கார் விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழ் உணர்வும் அசைவும் போயின. டாக்டர் பால் பிராண்ட் அப்போது தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்திக்கொண்டிருந்தார். அவருடைய ஊக்கத்தினால் மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கை அறுவை சிகிச்சைகள் செய்யக் கற்றார்.

அத்தோடு விட்டிருந்தால் அது ஒருவருடைய வீரக்கதையாக மட்டும் நின்றிருக்கும். ஆனால் அவரை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும், பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு நிலையத்துக்கும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அதன் பிறகே, 1963இல், மறுவாழ்வு மருத்துவத் துறைத் தலைமை அவருக்கு வந்தது. 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. விபத்துக்கும் தலைமைப் பொறுப்புக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். அந்த ஒன்பது ஆண்டுகளில் ஒன்றாவது வீணாகவில்லை. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் அதிகமான பாரம். ஒவ்வொரு படியிலும் பக்கத்தில் நிற்க ஒருவர். அவர் 1986இல் மறைந்தார், நிலையம் நிற்கிறது. ஒரு தலைவியை வளர்த்ததின் பலனை அப்படித்தான் அளக்க வேண்டும்.

தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை

இதைப் பற்றி ஆராய்ந்தவர்களும் உண்டு. கனடாவில் பிசியோதெரபிஸ்டுகளையே கேட்டு 2012இல் வெளியிட்ட ஆய்வில், தலைவருக்கு வேண்டிய குணங்களில் மூன்று முன்னால் நின்றன: மற்றவர்களோடு தெளிவாகப் பேசும் திறமை, தொழில் நேர்மை, நம்பத்தக்க தன்மை. அயர்லாந்தில் எமர் மெக்கோவனும் எம்மா ஸ்டோக்ஸும் துறை மேலாளர்களிடம் விசாரித்தார்கள். மனிதர்களைப் பேணுவதில் இவர்கள் வல்லவர்கள். ஆனால் நிர்வாகத்தில் தங்கள் துறைக்காக வாதாடி இடம்பிடிப்பதிலும், ஒரு பெரிய நோக்கத்தை எல்லார் மனதிலும் பதிய வைப்பதிலும் குறைவாகவே ஈடுபடுகிறார்கள் என்று கண்டார்கள். இதைப் படித்தபோது எங்கள் துறையையே பார்த்து எழுதினார்களோ என்று தோன்றியது. பிசியோதெரபிஸ்ட் சாந்தமானவர். பட்ஜெட் கூட்டத்தில் எக்ஸ்ரே பிரிவும் அறுவைப் பிரிவும் பேசி முடித்த பிறகு, மிச்சம் இருந்தால் வாங்கிக்கொண்டு போவார்.

எங்கள் குழு சில ஆண்டுகளாகக் கைக்கொள்ளும் வழிமுறைகளைச் சொல்லுகிறோம்.

முதலாவது, ஒருவர் விடுப்பில் இருக்கும் நாளில் அவருடைய நோயாளிகளுக்கு என்ன நடக்கிறது என்று பார்க்கிறோம். அவர் வரவில்லை என்றால் எல்லாம் நின்றுவிடுகிறதா? அல்லது, அட்டையில் தெளிவாக எழுதி வைத்திருப்பதால் அடுத்தவர் எடுத்து நடத்துகிறாரா? மலையடிவாரத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் எங்களிடம் சொன்னார்: “அந்தப் பாப்பா வராட்டாலும் பரவாயில்லை ஐயரே. எம் மருமகளுக்கே எல்லாம் சொல்லிக் கொடுத்திட்டுது.” நாங்கள் கேட்ட சிபாரிசுகளில் அதற்கு மிஞ்சியது இல்லை.

இரண்டாவது, மேலே இருப்பவர்களை மட்டும் கேட்பதில்லை. ஆயாவையும், வார்டு உதவியாளரையும், சக்கர நாற்காலி தள்ளுகிறவரையும் கேட்கிறோம். நோயாளியைத் தூக்கும்போது யார் கூடப் பிடிக்கிறார், யார் நின்று கட்டளை இடுகிறார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, மரியாதையோடு “இல்லை” என்று சொல்லத் தெரிந்தவரா என்று பார்க்கிறோம். படுக்கை வேண்டும் என்பதற்காக ஒரு நோயாளியைச் சீக்கிரம் அனுப்பச் சொல்லும்போது, “டாக்டர், இவர் வீட்டில் ஏழு படி இருக்கிறது, இவர் இன்னும் மூன்று படிதான் ஏறுகிறார்” என்று சொல்லக்கூடியவர் வேண்டும். கோபம் வேண்டாம், கணக்குப் போதும். எத்தனை பேர் மூன்றாம் முறைக்குப் பிறகு வராமல் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்று குறித்து வைத்திருப்பவரே நிர்வாகக் குழுவில் தம் நோயாளிகளுக்காகப் பேச முடியும்.

பார்க்கக்கூடாதவையும் உண்டு. அதிக வருடம் வேலை செய்தவர் என்பது மட்டும் போதாது. சிறந்த கைத்திறன் உள்ளவர் என்பதும் மட்டும் போதாது. சிலரை மேசையிலிருந்து எடுத்து அலுவலகத்தில் உட்கார வைத்தால் நல்ல சிகிச்சையாளரை இழந்து, சுமாரான அதிகாரியைப் பெறுவோம். அப்படிப்பட்டவர்களுக்குத் தலைமை கொடுக்காமலே மதிப்பும் ஊதியமும் உயர வழி இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் அன்போடு சொல்ல அனுமதியுங்கள். சிபாரிசுக் கடிதம். எங்கள் சபைப் பிள்ளை, எங்கள் பாஸ்டரேட் பிள்ளை, எங்கள் உறவு என்று நல்லெண்ணத்தோடு எழுதுகிறீர்கள். அந்தக் கடிதங்களை மரியாதையோடு வாங்கி, கோப்பில் வைத்துவிட்டு, வேறு அளவுகோலை எடுத்துக்கொள்கிறோம். தயவுசெய்து வருத்தப்பட வேண்டாம். அப்போஸ்தலர் நடபடிகளில் பந்தி விசாரணைக்கு ஏழு பேரைத் தெரிந்தபோது, விதவைகள் கவனிக்கப்படவில்லை என்ற குறைதான் ஆரம்பம். யாருடைய உரிமை என்ற பேச்சில் தொடங்காமல், யாருடைய தேவை கவனிக்கப்படாமல் இருக்கிறது என்பதில் தொடங்கியது அந்தத் தேர்வு. நாமும் அங்கேயே தொடங்குவோம்.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. “கல்யாணம் ஆகிவிடும், குழந்தை வந்துவிடும், எதற்குப் பொறுப்பு?” என்று சொல்லி நல்ல பெண் பிள்ளைகளைப் பின்னுக்குத் தள்ளுகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இத்தொழிலின் சங்கங்களை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நிறுவியவர்களே பெண்கள்தான். அமெரிக்கச் சங்கத்தின் முதல் பெயரிலேயே ‘மகளிர்’ என்ற சொல் இருந்தது. 1922இல்தான் பெயரை மாற்றி ஆண்களையும் சேர்த்துக்கொண்டார்கள்! ஆகையால் குழந்தை பிறந்து திரும்பி வருகிறவருக்கு அவர் விட்டுப்போன பொறுப்பைத் திருப்பிக் கொடுப்பதை நாங்கள் விதியாகவே வைத்திருக்கிறோம்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம்

தேர்ந்தெடுப்பது ஒரு நாள் வேலை. வளர்ப்பது பல வருட வேலை. எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்த காலை அவிழ்த்துப் பார்த்திருக்கிறீர்களா? தொடை மெலிந்திருக்கும். வேலை இல்லாத தசை கரைந்துவிடுகிறது. அதற்காக முதல் நாளே ஐந்து கிலோ மணல் மூட்டையைக் கட்டுவதில்லை. அரைக் கிலோவில் ஆரம்பித்து, தாங்குகிறதா என்று பார்த்து, மெதுவாகக் கூட்டுகிறார்கள். பாரமே இல்லாவிட்டால் தசை வளராது; அளவுக்கு மிஞ்சினால் கிழியும். இளம் ஊழியரும் அப்படியே.

எங்கள் துறைத் தலைவி இதை எப்படிச் செய்தார் என்று சொல்லுகிறோம். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு பொறுப்பு: ஊன்றுகோல்களின் கணக்கு, கைக்கட்டைகள் வைக்கும் அலமாரி, துணிகளின் சலவை. அற்பமாகத் தோன்றும். ஆனால் நோயாளிக்குக் கட்டை தேவைப்படும் நேரத்தில் சரியான அளவு இல்லையென்றால் யார் பொறுப்பு என்பது அன்று தெரியும். இரண்டாம் ஆண்டில் கிராம முகாம் நாள் ஒருவருடைய பொறுப்பில். மூன்றாம் ஆண்டில் பயிற்சிக்கு வரும் மாணவர்களைக் கவனிக்கும் வேலை. பிறகு வேலை அட்டவணை. யாருக்குக் கிறிஸ்மஸ் விடுப்பு, யாருக்கு இல்லை என்று எழுதி, முணுமுணுப்பையும் தாங்க வேண்டும். அதற்கும் பிறகு நிர்வாகக் குழுவில் ஓராண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். அடுத்த ஆண்டு, துறையின் கோரிக்கையை அவரே எழுந்து சொல்ல வேண்டும்.

கடைசிப் படி மிகவும் கடினம், அதுவும் தலைவிக்கே. ஆண்டுக்கு ஒரு மாதம் அவர் விடுப்பு எடுத்து, உண்மையாகவே போய்விடுவார். தொலைபேசியில் கேட்டாலும், “நீங்க என்ன நினைக்கிறீங்களோ அப்படியே செய்யுங்க, வந்து பேசிக்கலாம்” என்பார். திரும்பி வந்ததும் பிழைகளைத் தனியே உட்கார்ந்து பேசுவார். மற்றவர்கள் முன்னால் பேசமாட்டார். நோயாளியின் இடுப்பிலிருந்து கையை எடுக்கிறாரே, அதே செயல்தான் இது. யாத்திராகமத்தில் மோசேக்கு அவருடைய மாமனார் சொன்ன ஆலோசனை, காலை முதல் சாயங்காலம் வரை தனியே உட்கார்ந்து வழக்குத் தீர்ப்பது அவருக்கும் நல்லதல்ல, ஜனங்களுக்கும் நல்லதல்ல என்பதுதான். ஆயிரம் பேருக்கும், நூறு பேருக்கும், ஐம்பது பேருக்கும், பத்துப் பேருக்கும் தலைவர்களை ஏற்படுத்தச் சொன்னார். பத்துப் பேருக்குத் தலைவராக இருந்து பழகாதவர் ஆயிரம் பேருக்குத் தலைவராக முடியாது.

உங்கள் முன் ஒரு விண்ணப்பம்

இப்போது நாங்கள் சொல்லத் தயங்கிய, ஆனால் சொல்லியே ஆகவேண்டிய காரியத்துக்கு வருகிறோம்.

எங்கள் குழுவின் முன் இன்று இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் இளைஞர், இறுகிப்போன தோள்பட்டைகளை அவர் கையில் கொடுத்தால் விடுவிக்கிறார். இன்னொருவர் பெண், அவருடைய நோயாளிகளின் வீட்டாரே பாதிச் சிகிச்சையைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். இருவருக்கும் துறையை நடத்தத் தேவையான நிர்வாகப் படிப்பு இன்னும் வேண்டியிருக்கிறது. கல்லூரியில் எலும்பும் நரம்பும் படித்தார்கள். வரவுசெலவுத் திட்டம் போடுவதையும், இரண்டு ஊழியர் சண்டையிட்டால் தீர்ப்பதையும் அதே ஆழத்தில் படிக்கவில்லை. இருவரையும் ஓராண்டுப் பயிற்சிக்கு அனுப்ப விரும்புகிறோம்.

அன்பர்களே, உங்களில் சிலர் சேர்ந்து இத்துறைக்கு ஒரு புதிய இயந்திரம் வாங்கித் தருவதாக வாக்களித்திருக்கிறீர்கள். நன்றியோடு ஏற்றுக்கொண்டோம். இயந்திரம் தேவைதான். கண்ணுக்குத் தெரியும், பெயர்ப்பலகை வைக்கலாம், புகைப்படம் எடுத்து இம்மடலில் போடலாம். மனிதருக்குச் செலவிட்ட பணத்துக்குப் பெயர்ப்பலகை வைக்க இடம் இல்லை. ஆனாலும், துணி போர்த்திக் கிடந்த அந்த அறையில் இயந்திரங்களுக்குக் குறைவு இருக்கவில்லை என்பதை நினைத்துப் பார்க்கும்படி கேட்கிறோம். அந்தத் தொகையில் பாதியை இந்த இருவரின் பயிற்சிக்குப் பயன்படுத்த அனுமதிப்பீர்களா? இயந்திரத்துக்கு இன்னும் ஓராண்டு காத்திருக்கத் துறை தயாராக இருக்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் ஒரு ரூபாயும் மாற்றமாட்டோம்.

“தலைவர் ஒருவர்தானே, எதற்கு இரண்டு பேருக்குச் செலவு?” என்று கேட்கலாம். ஒருவரை மட்டும் வளர்ப்பது ஒற்றைக் காலில் நிற்பது. “படித்து முடித்ததும் வெளிநாடு போய்விட்டால்?” என்றும் கேட்கலாம். போகலாம். எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். அவர்கள் குடும்பச் சூழ்நிலையை நாங்கள் குறை கூறமாட்டோம். போகிறவர் எங்கே போனாலும் அங்கும் ஒரு நோயாளி எழுந்து நிற்பார். ஆனால் பயிற்சி கொடுக்காமல் வைத்திருந்து, அவர் போகாமலே இருந்துவிட்டால் துறையின் கதி என்ன என்பதையும் யோசிக்க வேண்டும்.

தெரிந்தெடுக்கப்படாதவரைப் பற்றியும் எங்களுக்குக் கவலை உண்டு. ஒருவருக்குப் பொறுப்பு வரும்போது மற்றவர் மனம் நோகும். ஆகையால் தலைமையை ஐந்தாண்டுக் காலத்துக்கு மட்டும் கொடுப்பது என்றும், காலம் முடிந்ததும் தலைவர் மறுபடியும் மேசையருகே வந்து நோயாளிகளைப் பார்ப்பார் என்றும், மற்றவருக்கு மாணவர் பயிற்சியின் முழுப் பொறுப்பும் தரப்படும் என்றும் குழு தீர்மானித்திருக்கிறது. இதை இருவரிடமும் முன்கூட்டியே, ஒரே அறையில் உட்கார வைத்துச் சொல்லிவிட்டோம். இருவரும் சம்மதித்திருக்கிறார்கள். இருவரும் மறுநாள் காலை வழக்கம்போல ஒரே நோயாளியை இரண்டு பக்கமும் பிடித்து நடக்க வைத்ததைப் பார்த்தோம்.

குழு ஜனவரியில் கூடும். ஓய்வு பெறும் தலைவி புதியவரோடு இரண்டு மாதம் பக்கத்தில் இருந்துவிட்டு, மார்ச் கடைசியில் சாவியைக் கொடுப்பார். அதற்குப் பின் ஆறு மாதம் துறைப் பக்கம் வரப்போவதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். வெளிநோயாளியாக வரவேண்டி வந்தால் மட்டும் வருவாராம்!

இத்தனை ஆண்டுகளாக உங்கள் காணிக்கையாலும் ஜெபத்தாலும் இம்மருத்துவமனையைத் தாங்கி வருகிறீர்கள். கட்டிடத்துக்குக் கொடுத்தீர்கள், கட்டிலுக்குக் கொடுத்தீர்கள். இம்முறை, இன்னும் பத்து ஆண்டுகள் கழித்து ஒரு பக்கவாத நோயாளியின் இடுப்பில் கை வைத்து, தக்க நேரத்தில் கையை எடுக்கப்போகிறவர்களுக்காகக் கொடுக்கும்படி கேட்கிறோம். உங்கள் பதிலை உங்கள் சபை ஆயர் மூலமாகவோ, நேரில் வந்தோ, அக்டோபர் கடைசிக்குள் அலுவலகத்துக்குத் தெரியப்படுத்துங்கள். வேண்டாம் என்று சொன்னாலும் உங்கள் மேல் உள்ள அன்பு குறையாது. இயந்திரத்தை வாங்கி, நன்றாகவே பயன்படுத்துவோம். யார் தெரிந்தெடுக்கப்பட்டார் என்பதை இதே மடலில் உங்களுக்கு அறிவிப்போம்.

அந்த இரண்டு பேருக்காகவும், ஓய்வு பெறும் எங்கள் சகோதரிக்காகவும், இன்று மாலை கம்பிகளுக்கு நடுவே முதல் அடி எடுத்து வைக்கப்போகிற யாரோ ஒருவருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். தேவன்தாமே உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.